தண்ணீர் நிற்பதற்காக வெட்டிய திட்டில் ஒரு பாதை: கோலாலம்பூர்க் குன்று ஒன்றின் மழைக்காலப் பராமரிப்பு

பின்னணி

கோலாலம்பூரின் மேற்கு ஓரத்தில், மூன்று தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) நடுவே ஒரு சிறு குன்று. நகரின் இன்னொரு குன்றான புக்கிட் கியாராவைப் போலவே இதுவும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் போய்ப் பல வருடங்களாகின்றன. பால்மரங்கள் மட்டும் வெட்டுவாரின்றி வளர்ந்து காடாகிவிட்டன. அந்த மரங்களுக்கு ஊடே சுமார் 1.4 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மண்பாதை சுற்றி ஏறுகிறது. விடியற்காலையில் நடைப்பயிற்சிக்கு வருபவர்களும், மாலையிலும் வார இறுதியிலும் மலை மிதிவண்டி ஓட்டுபவர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். நிலம் அரசுடையது. பாதையைப் பார்த்துக்கொள்ள அக்கம்பக்கத்துத் தன்னார்வலர் குழு ஒன்று அனுமதி பெற்றிருந்தது. மரம் வெட்டவும் புதுப் பாதை திறக்கவும் அந்த அனுமதியில் இடமில்லை.

குழுவின் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஏறக்குறைய ஐம்பது பேர். சனிக்கிழமை காலை மண்வெட்டியோடு வந்து நிற்பவர்கள் எட்டு, மிஞ்சிப்போனால் பத்துப் பேர். எந்தக் கோத்தோங் ரோயோங்கிலும், அதாவது ஊர் கூடிச் செய்யும் வேலையிலும், இதுதான் நிலவரம். வேலையைத் திட்டமிடும்போது எட்டுப் பேரை வைத்தே கணக்குப் போட வேண்டும்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழையின் நேரடி அடியை வாங்குவது கிழக்குக் கரை மாநிலங்களான கிளந்தானும் திரங்கானுவும்தான். தித்திவாங்சா மலைத்தொடர் குறுக்கே நிற்பதால் கோலாலம்பூருக்கு அதன் வேகம் குறைந்தே வருகிறது. இங்கே அதிக மழை பெய்வது பருவங்கள் மாறும் மாதங்களில்: ஏப்ரலை ஒட்டி ஒரு முறை, அக்டோபர், நவம்பரில் இன்னொரு முறை. பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு கொட்டி, இரவுக்குள் ஓய்ந்துவிடும். 2021 டிசம்பர் 18-இல் கிள்ளான் பள்ளத்தாக்கை மூழ்கடித்ததைப் போல விடாமல் பெய்யும் மழை அரிது. ஆனால் அப்படிப்பட்ட மழையிலும் மரம் வேரோடு சாயலாம்.

முதல் மழைக்காலத்தில் கண்டவை

அக்டோபர் தொடங்கியதும் குழு வழக்கம்போலத் துப்புரவில் இறங்கியது. முறிந்த கிளைகளை இழுத்துப் போட்டார்கள், தென்னந்துடைப்பத்தால் இலைகளைப் பெருக்கி மண் தெரிய வைத்தார்கள், லாலாங் புல்லை இரண்டு பக்கமும் வெட்டினார்கள். வேலை முடிந்த அன்று பாதை பார்க்க அழகாக இருந்தது. இரண்டு மழை பெய்ததும் பழையபடி ஆனது. முன்பைவிட மோசம் என்றும் சொல்லலாம்.

இலைதான் மழைத்துளியின் அடியைத் தாங்குகிறது. இலையைத் துடைத்தெடுத்த களிமண்ணில் துளி நேராக விழும்போது மேல்மண்ணின் துகள்கள் சிதறி, நுண்துளைகளை அடைத்து, ஒரு மெல்லிய ஓடு படிகிறது. அதன்மேல் தண்ணீர் இறங்காது, ஓடும். ஆக, பெருக்கப் பெருக்க ஓட்டம் கூடியது. இதைக் குழுவில் பலருக்குப் புரியவைப்பது கடினமாக இருந்தது. பெருக்கிய பாதை வேலை நடந்ததற்குக் கண்ணெதிரே சாட்சி. மண் போவது யார் கண்ணுக்கும் படுவதில்லை.

நவம்பர் நடுவில் பாதையில் ஒன்பது இடங்களில் சேறு நிரந்தரமாகத் தேங்கியது. நடப்பவர்கள் சேற்றைத் தவிர்க்க ஓரமாக ஒதுங்கினார்கள். ஒதுங்கிய இடமும் சேறானது. ஒரு மீட்டர் அகலமாக இருந்த பாதை சில இடங்களில் மூன்று மீட்டராக விரிந்தது. மிதிவண்டிச் சக்கரங்கள் ஈரக் களியில் நீளவாக்கில் பள்ளம் பறித்தன. அடுத்த மழையில் அந்தப் பள்ளமே வாய்க்கால்.

இதற்கிடையே நடைப்பயிற்சிக்காரர்களில் சிலர் தங்களால் ஆனதைச் செய்திருந்தார்கள். பணி ஓய்வு பெற்ற ஒருவர் சிமெண்டும் செங்கல்லும் சுமந்து வந்து செங்குத்தான பகுதியில் பதினான்கு படிகள் கட்டியிருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் நிழலில் இருக்கும் சிமெண்டில் சில வாரங்களில் பாசி பிடிக்கும். அதிகாலையில் அந்தப் படியில் வழுக்கி விழுந்து ஒரு பெண்மணிக்கு மணிக்கட்டு முறிந்தது. அதன்பிறகுதான் குழு கிளை பொறுக்குவதை நிறுத்திவிட்டு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் தொடங்கியது.

பாதை எதன்மேல் கிடக்கிறது

முதலில் முயன்றது மரக்கட்டை. விழுந்த பால்மரத்தின் கிளைகளைப் பாதைக்குக் குறுக்கே சாய்வாகப் புதைத்துத் தண்ணீரைத் திருப்பப் பார்த்தார்கள். கட்டையின் மேல்பக்கம் ஓரிரு மழையிலேயே வண்டல் நிரம்பி, தண்ணீர் அதைத் தாண்டி ஓடியது. தவிர, பதப்படுத்தாத ரப்பர் மரம் மண்ணில் நிற்காது. பூஞ்சையும் துளைப்பானும் ஒரு வருடத்துக்குள் அதைத் தின்றுவிடும். பிறகு சரளை. பையில் சுமந்து வந்து கொட்டிய கல், அடியில் துணி விரிக்காததால் களியில் புதைந்து காணாமல் போனது.

திருப்பம் கொடுத்தது ஓர் அம்மா. தினமும் நடக்க வருபவர், இளமையில் வேறொரு தோட்டத்தில் பால் வெட்டியவர். சரளை சுமந்து நின்ற இளைஞரிடம் அவர் சொன்னது: “தம்பி, இது தண்ணி போறதுக்கு வெட்டின மேடு இல்ல. தண்ணி நிக்கிறதுக்கு வெட்டினது. நீங்க கல்லக் கொட்டினா எங்க போகும்?”

அவர் சொன்னது சரி. சரிவான நிலத்தில் ரப்பர் நடும்போது சமமட்டத்தை ஒட்டி, அதாவது ஒரே உயரத்தில் குன்றைச் சுற்றி, படி போன்ற திட்டுகள் வெட்டுவார்கள். திட்டின் தரை மலைப்பக்கம், அதாவது உள்பக்கம், சாய்ந்திருக்கும். வெளி ஓரத்தில் மண் வரப்பு. மழைநீரும் உரமும் மேல்மண்ணும் ஓடிப்போகாமல் மரத்தின் காலடியிலேயே தங்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இடையிடையே மண் சேரக் குழிகளும் வெட்டுவார்கள். பால் வெட்டுபவர்கள் மரத்துக்கு மரம் நடந்தது இந்தத் திட்டுகளில். பிற்காலத்தில் நடைபாதையானதும் அதே திட்டுகள். ஒரு நல்ல மலைப்பாதையின் தரை பள்ளப்பக்கம் 5 விழுக்காடு சாய்ந்திருக்க வேண்டும். இங்கே அது நேர் எதிராகச் சாய்ந்து, வெளியே வரப்பும் போட்டுக்கொண்டு கிடந்தது.

ஒரு மீட்டர் நீள நேர்ப்பலகை, திறன்பேசியின் மட்டம் பார்க்கும் செயலி, அளவு நாடா ஆகிய மூன்றும் போதுமானதாக இருந்தன. பலகையைப் பாதைக்குக் குறுக்கே வைத்து மட்டமாக்கி, தாழ்ந்த பக்கத்தில் இடைவெளியை அளந்தால், 5 சென்டிமீட்டர் என்பது 5 விழுக்காடு. அளந்ததில் திட்டுப் பகுதி முழுக்க உள்சாய்வு 6 முதல் 10 விழுக்காடு இருந்தது. நீளவாக்கில் ஏற்றம் 4 விழுக்காடுதான். சேறு தேங்கிய ஒன்பது இடங்களில் எட்டு இந்தப் பகுதியில். ஒன்பதாவது வேறு வகை: இரண்டு திட்டுகளை இணைக்கும் 60 மீட்டர் குறுக்குவழி. மலையின் சாய்வை அப்படியே நேராக ஏறுவது, 25 விழுக்காடு. சிமெண்டுப் படி இருந்ததும் அங்கேதான். பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது பாதை அமைப்பவர்கள் கைக்கொள்ளும் விதி. தாண்டினால் தண்ணீர் பாதையை விட்டு இறங்காமல் பாதையிலேயே ஓடும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

திட்டு முழுவதையும் வெளிப்பக்கம் சாயும்படி வெட்டிச் சீராக்குவதுதான் பாடநூல் வழி. எட்டுப் பேரால் அது ஆகாது. ஆயிரம் மீட்டருக்கு மேல் மண் வெட்ட வேண்டும்; பால்மரங்களின் வேரும் அறுபடும். எனவே தண்ணீர் சேரும் இடங்களில் மட்டும் வரப்பை உடைத்து, அரைவட்டச் சாய்வு அமைத்து வெளியேற்றுவது என்று முடிவானது.

பாதையைப் பருவம் முழுக்க மூடுவது பற்றியும் பேச்சு வந்தது. இரண்டரை மாதம் மூடினால் ஆட்கள் கயிற்றைத் தாண்டி வருவார்கள்; கயிற்றுக்கு இருக்கும் மரியாதையும் போய்விடும். மழை பெரும்பாலும் பிற்பகலில் பெய்வதால், ‘மழை பெய்த அன்று மாலை மிதிவண்டி இல்லை, மறுநாள் காலை வரலாம்’ என்ற ஒற்றை விதி வைத்தார்கள். கூடவே ஒரு சோதனை: டயர் பதிந்த தடம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாக இருந்தால் திரும்பிவிட வேண்டும். நடப்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள். சேறாக இருந்தாலும் நடுவிலேயே நடங்கள். செருப்பு அழுக்காவதைவிடப் பாதை அகலமாவது பெரிய நட்டம்.

சிமெண்டுப் படிகளை அகற்றுவதும் முடிவானது. கட்டியவரிடம் முதலில் பேசினார்கள். “அங்கிள், படியை எடுத்துட்டுக் கல்லு பதிக்கிறோம், நீங்களே மேற்பார்வை பாருங்க” என்று கேட்டபோது இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. பிறகு உளியோடு வந்தார். அவரைக் கேட்காமல் இடித்திருந்தால் வேலை முடிந்த மறுவாரமே புதுப்படி முளைத்திருக்கும்.

வேலை நடந்த விதம்

மண் வேலைக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை காலம் ஒதுக்கினார்கள். காய்ந்த களிமண் கல்லாக இருக்கும். வெட்டினாலும் கட்டியாக உடையும், இறுகாது. நனைந்து ஊறியது மண்வெட்டியில் ஒட்டிக்கொள்ளும். ஒரு மழை பெய்து இரண்டு நாள் கழித்து, கையில் பிடித்தால் உருண்டையாகி விரலில் ஒட்டாத பதத்தில் வெட்டுவதே சரி. இந்த மாதங்களில் புகைமூட்டம் வரலாம். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் அன்று வேலை இல்லை.

ஒவ்வொரு வடிகாலும் இப்படி அமைந்தது. தண்ணீர் தேங்கும் இடத்தின் மிகத் தாழ்ந்த புள்ளியை மையமாக வைத்துப் பாதை ஓரமாக 3 மீட்டர் நீள அரைவட்டத்தைச் சுண்ணாம்புப் பொடியால் குறித்தார்கள். வெளிப்பக்கம் நிலம் பாதையைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். இல்லையென்றால் தோண்டுவது வடிகால் ஆகாது, குட்டை ஆகும். மையத்தில் சாய்வு 15 விழுக்காடு, அதாவது ஒரு மீட்டருக்கு 15 சென்டிமீட்டர் இறக்கம். இரு ஓரங்களிலும் அது படிப்படியாகக் குறைந்து பாதையோடு கலந்துவிட வேண்டும். ஓட்டுபவருக்கு மெல்லிய இறக்கமாகத் தெரியலாம், பள்ளமாகத் தெரியக் கூடாது. உள்பக்கத்துத் தாழ்வில் சேரும் தண்ணீரும் வரவேண்டும் என்பதால் அரைவட்டம் மலைப்பக்கத்து விளிம்புவரை நீண்டது. வரப்பை உடைத்த வாயின் அகலம் குறைந்தது ஒரு மீட்டர். குறுகிய வாய் நாலு இலை விழுந்தாலே அடைத்துக்கொள்ளும்.

வெட்டிய மண்ணை எங்கே போடுவது என்பதில்தான் புதியவர்கள் தவறுவார்கள். ஓரத்திலேயே தள்ளிவிட்டால் அது மறுபடி வரப்பாகும். வாளியில் அள்ளிச் சேற்றுக் குழிகளுக்குக் கொண்டுபோனார்கள். மிச்சத்தைச் சரிவில் தூரமாக வீசிப் பரப்பினார்கள். பிறகு திமிசால் இடித்து இறுக்கம். கடைசியாகத் தண்ணீர்ச் சோதனை: இரண்டு மீட்டர் மேலே நின்று பத்து லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும். எல்லாம் வாய் வழியே வெளியேறினால் சரி. ஒரு சொட்டு பாதையோடு கீழே நடந்தாலும் மறுபடி மண்வெட்டியை எடுக்க வேண்டும்.

திட்டில் சுமார் 15 முதல் 20 மீட்டருக்கு ஒன்று என்ற இடைவெளியில் வடிகால்கள் அமைந்தன. நல்ல மண்வெட்டியோடு நான்கு பேர் ஒரு காலையில் இரண்டு முடிக்கலாம். மூன்றாவதைத் தொடும்போது களைப்பில் சாய்வு குறைந்துபோகும். அது அடுத்த வாரத்துக்கு.

செங்குத்துக் குறுக்குவழியில் படிகளை எடுத்துவிட்டு, குன்றிலேயே கிடந்த தட்டையான கற்களைச் செங்குத்தாக, புத்தக அடுக்கைப் போல நெருக்கி நட்டார்கள். கல்லின் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள். படுக்கவைத்த கல்லைச் சக்கரமும் தண்ணீரும் புரட்டிவிடும். நட்ட கல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மேடுபள்ளமான அதன் முகப்பில் காலும் பிடிக்கும்.

விழுந்த மரம்: ஒரு தனி முடிவு

வேலை நடந்துகொண்டிருந்தபோது இரவுப் புயலில் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் பருமனுள்ள பால்மரம் ஒன்று வேர்த்தட்டோடு (மண்ணோடு பெயர்ந்த வேர்த்தொகுதியோடு) பாதையில் சாய்ந்தது. சங்கிலி ரம்பம் வைத்திருந்த ஒருவர் உடனே அறுக்க முன்வந்தார். குழு மறுத்தது. அடிமரத்தை அறுத்தவுடன் எடை குறைந்து, நிமிர்ந்து நிற்கும் வேர்த்தட்டு சட்டென்று குழிக்குள் திரும்ப விழும். பின்னால் நிற்பவரை நசுக்கும். இழுவிசையில் வளைந்து நிற்கும் கிளையும் அப்படியே, அறுபடும்போது சவுக்காகச் சுழலும். சிவப்பு வெள்ளை நாடா கட்டி, படமும் இடக்குறிப்பும் எடுத்து நில உரிமைத் தரப்புக்கு அனுப்பினார்கள். மரம் அகற்றப்பட எட்டு நாளானது. அதுவரை பாதையின் அந்தப் பகுதி மூடியே கிடந்தது, முணுமுணுப்பு இருந்தது.

15 சென்டிமீட்டருக்குக் குறைந்த கிளைகளை மட்டும் வில் ரம்பத்தால் அறுப்பது என்ற எல்லை அப்போது எழுத்தில் வந்தது. இரு முனையும் தாங்கிக் கிடக்கும் கிளையில் மேல்பக்கம் நெருக்கம், அடிப்பக்கம் இழுப்பு. முதலில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு கீழிருந்து. மாற்றிச் செய்தால் ரம்பம் நடுவில் சிக்கிக்கொள்ளும்.

மூங்கிலுக்கும் ஒரு விதி உண்டு. கணுவுக்கு நடுவில் வெட்டினால் மிச்சமிருக்கும் குழல் மழைநீர்க் கிண்ணமாகி, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வளர இடம் தரும். கணுவை ஒட்டி மேலே வெட்ட வேண்டும்.

எதிர்பாராதது

வடிகால்கள் வேலை செய்தன, ஆனால் வெளியேறிய தண்ணீர் எங்கே போகும் என்பதை இரண்டு இடங்களில் சரியாகப் பார்க்கவில்லை. பாதை சுற்றி ஏறுவதால் மேல் திட்டின் தண்ணீர் நேராகக் கீழ்த் திட்டின் பாதையில் விழுந்தது. செப்டம்பர் கடைசியில் பெய்த ஒரே மழையில் கீழே முழங்கால் ஆழத்துக்குப் புதுப் பள்ளம்.

மீண்டும் அந்த அம்மாவின் பேச்சு உதவியது. பழைய மண்குழிகளில் சில இலைமக்கு நிரம்பித் திட்டின் வெளிப்புறம் இன்னும் இருந்தன. வடிகாலின் வாயை மாற்றி, தண்ணீர் அந்தக் குழிகளில் இறங்கும்படி செய்தார்கள். குழி தண்ணீரின் வேகத்தை உடைத்து, வண்டலைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைப் புல்லுக்குள் மெதுவாக வழியவிட்டது. தேங்கும் தண்ணீரில் கொசு வருமே என்ற கேள்வி எழுந்தது. ஏடிஸ் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாளாகும். எனவே 48 மணி நேரத்தில் வற்றும் குழிகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வற்றாத ஒன்றைக் கல் போட்டு நிரப்பினார்கள்.

அடுத்த மழைக்காலம்

அக்டோபர், நவம்பரில் எட்டு இடங்களில் ஆறு சேறாகவில்லை. மற்ற இரண்டில் வாய் அடைத்திருந்தது. திறந்ததும் ஒரு நாளில் வடிந்தது. மூன்று மீட்டராக விரிந்திருந்த பகுதிகளின் ஓரத்தில் கிளைகளைக் குறுக்கே போட்டதும் ஆட்கள் நடுவுக்குத் திரும்பினார்கள், ஓரத்தில் பெரணி முளைத்தது. கல் நட்ட குறுக்குவழியில் யாரும் விழவில்லை. ஆனால் கற்களின் இருபுறமும் மண் அரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

மிதிவண்டி விதியை மாலை ஓட்டுபவர்களில் பலர் மதித்தார்கள், எல்லாரும் இல்லை. நுழைவாயிலில் வைத்த சிவப்பு பச்சைப் பலகையைத் திருப்ப ஆள் இல்லாத நாட்களில் அது பொய் சொன்னது. இரண்டு வாரம் வெயில் அடித்தும் சிவப்பிலேயே நின்ற பலகையை யார் நம்புவார்கள்? பலகையை எடுத்துவிட்டு, ‘தடம் ஒரு சென்டிமீட்டர் ஆழமா? திரும்புங்கள்’ என்று நிரந்தரமாக எழுதி வைத்தது பலன் தந்தது.

மாற்றிக்கொள்ள வேண்டியவை

மண் வேலை செப்டம்பர் நடுவுக்குள் முடிந்தாக வேண்டும். தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வருகிறது, மழையும் அப்போதுதான் உச்சம். பலகாரச் சட்டி அடுப்பில் இருக்கும்போது மண்வெட்டி பிடிக்க ஆள் கிடைக்காது. அந்த வாரங்களில் இரண்டு பேர் மழைக்கு மறுநாள் நடந்துபோய் வாய்களை மண்வாரியால் திறந்துவிட்டால் போதும்.

தண்ணீர் விழும் இடத்தை முதலில் நடந்து பார்த்துவிட்டு, கீழிருந்து மேலாக வடிகால் வெட்ட வேண்டும். இந்த முறை மேலிருந்து தொடங்கியதுதான் கீழே பள்ளம் விழக் காரணம்.

இலையைப் பெருக்குவதில்லை. வாய்களில் மட்டும் எடுக்க வேண்டும். பால்மரம் மொத்தமாக இலை கொட்டுவது மழைக்காலத்தில் அல்ல, ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை. அதனால் ஏப்ரல் மழைக்கு முன், மார்ச் கடைசியில், எல்லா வாய்களையும் ஒரு முறை திறக்க நாள் குறிக்க வேண்டும்.

இடி விதியும் சேர்ந்தது: மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் எல்லாரும் இறங்கிவிட வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்பலாம். எலிக்காய்ச்சல் அபாயம் இருப்பதால் சேற்று வேலைக்கு ரப்பர்க் காலணியும் கையுறையும் கட்டாயம். கையில் வெட்டுக்காயம் உள்ளவர் அன்று தண்ணீர் ஊற்றும் வேலையைப் பார்க்கலாம்.

60 மீட்டர் குறுக்குவழி தீரவில்லை. கற்களால் அதைத் தாங்கி நிறுத்தலாம், குணப்படுத்த முடியாது. சரிவைக் குறுக்காக வெட்டி, 10 விழுக்காட்டுக்குள் ஏறும் சுமார் 150 மீட்டர் மாற்றுப்பாதைக்கான வரைபடமும் அளவுகளும் நில உரிமைத் தரப்பிடம் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அனுமதி கிடைக்கும்வரை ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன் ஆட்டம் காணும் கற்களைப் பிடுங்கி மறுபடி நட வேண்டியிருக்கும்.